இரத்தத்தில் ஊறியதா?

“அவர்களுக்கென்ன! தாளம் அவர்கள் இரத்தத்திலேயே ஊறியது. பிறக்கும்போதே கையோடு கொண்டு வந்தது!”

கறுப்பின மக்களின் ஜாஸ் இசையைக் கேட்டுவிட்டுத் தலையசைத்தபடி சிலர் சொல்லும் சொல் இது. புகழுரை போலத்தான் இருக்கிறது. சொல்லுவோர் முகத்திலே புன்னகை, குரலிலே கனிவு. கேட்போரும், ஆமாம், ஆமாம் என்கின்றனர். ஆனால், தோழர்களே! இந்தப் புகழுரையைச் சற்றே உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். பொன் முலாம் கரையும். உள்ளே இரும்பு தெரியும். அதுவும் எத்தகைய இரும்பு? விலங்கு செய்யப் பயன்பட்ட இரும்பு!

இரத்தத்தில் ஊறியது என்றால் என்ன பொருள்? கற்கவில்லை என்று பொருள். உழைக்கவில்லை என்று பொருள். சிந்திக்கவில்லை என்று பொருள். குயில் கூவுகிறது, மயில் ஆடுகிறது, அவன் தாளம் போடுகிறான், அவ்வளவுதான் என்று பொருள். குயிலுக்குக் கூலி கொடுப்பார் உண்டோ? மயிலுக்குப் பட்டமளிப்பார் உண்டோ? பிறவியிலே வந்தது என்று ஒப்புக்கொண்ட பிறகு, உழைப்புக்குரிய ஊதியத்தை எந்த வாயால் கேட்பது? அறிவுக்குரிய மதிப்பை எந்த முகத்தோடு கோருவது? புகழ்வது போலப் புகழ்ந்து, பறிப்பதைப் பறித்துக்கொள்ளும் புரட்டு இது.

வாதத்தை நிறுத்திச் சான்றுக்கு வருவோம். நாம் காட்டும் சான்று, இன்றும் எவரும் எடுத்துக் கேட்கக்கூடிய ஓர் இசைத்தட்டு.

1954ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 21ஆம் நாள். நியூயார்க் நகரத்து பிராட்வே வீதியிலே, 52ஆம் தெருவின் அருகே, நிலவறையில் அமைந்த ஓர் இசைக்கூடம். பேர்ட்லேண்ட் என்று பெயர். 1949 டிசம்பரில் திறந்தார்கள். சாக்சபோன் மேதை சார்லி பார்க்கரின் செல்லப் பெயர் ‘பேர்ட்’, அதாவது பறவை; அவர் பெயரால் அமைந்த கூடம் அது. அறிவிப்பாளர் பீவீ மார்க்வெட் மேடையேறுகிறார். இன்றிரவு இசைத்தட்டுக்காகப் பதிவு நடக்கிறது, நீங்கள் கைதட்டினால் அதுவும் தட்டிலே பதியும் என்று கூட்டத்தை உசுப்புகிறார். ஒலிப்பதிவுக் கருவிகளுக்கு முன்னே ரூடி வான் கெல்டர். பகலிலே கண் பரிசோதித்துப் பிழைப்பவர். மேடையிலே ஐவர். டிரம்பெட்டிலே கிளிஃபர்ட் பிரவுன், வயது 23. பியானோவிலே ஹொரேஸ் சில்வர், வயது 25. சாக்சபோனிலே லூ டொனால்ட்சன், வயது 27. பாஸ் கருவியிலே கர்லி ரசல். ஐவருக்கும் தலைவர் யார்? முன்னே நின்று முழங்குபவர் அல்லர். மேடையின் பின்புறத்திலே, டிரம்முக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்: ஆர்ட் பிளேக்கி, வயது 34.

1940களிலே பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் அவர்தம் தோழர்களும் ‘பீபாப்’ என்ற புதுமுறையை உருவாக்கினர். மின்னல் வேகமும் சிக்கலான கட்டமைப்பும் அதன் இலக்கணம். அந்தக் கூர்மையைக் கைவிடாமல், கறுப்பின மக்களின் ‘புளூஸ்’ பாட்டிலுள்ள கனத்தையும், அவர்தம் தேவாலயப் பாட்டின் துள்ளலையும் சேர்த்து 1950களிலே வளர்ந்தது ‘ஹார்ட் பாப்’. அந்த முறையின் விடியற்காலைப் பதிவுகளிலே தலையாயது பேர்ட்லேண்டின் அந்த ஓர் இரவு. புளூ நோட் நிறுவனம் அதனைப் பத்து அங்குலத் தட்டுகள் மூன்றாக வெளியிட்டது.

இனி, ‘பிறவித் தாளம்’ வாதிகளைச் சாட்சிக் கூண்டிலே ஏற்றுவோம்.

பிளேக்கி பிறவியிலேயே டிரம் கலைஞரா? எஃகு ஆலைகளின் நகரமான பிட்ஸ்பர்க்கிலே 1919இல் பிறந்த அவர், முதலில் அமர்ந்தது பியானோவின் முன்னால்! எரால் கார்னர் என்ற மற்றோர் இளைஞர் வந்து பியானோவிலே அமர்ந்ததும், கூடத்தின் முதலாளி துப்பாக்கியைக் காட்டி, நீ போய் டிரம் வாசி என்று ஆணையிட்டானாம். பிளேக்கியே பலமுறை சொன்ன கதை இது. கதையிலே சுவைக்காகச் சேர்த்தது எவ்வளவு இருந்தாலும், பியானோவை விட்டு டிரம்முக்கு மாறியவர் அவர் என்பது உண்மை. இரத்தமா அவரை டிரம்மிலே அமர்த்திற்று? அமர்த்தியது பிழைப்பு! அமர்ந்த பிறகு நிலைக்க வைத்தது உழைப்பு! சிக் வெப், சிட் கேட்லெட் ஆகிய முன்னோரின் கைவண்ணத்தைக் கேட்டுக் கேட்டுக் கற்றார். 1944 முதல் 1947 வரை பில்லி எக்ஸ்டைனின் பெருங்குழுவிலே புதுமுறைக்குப் பழகினார். பள்ளிக்கூடத்துத் தாளிலே கற்காததால் அது கல்வி அல்ல என்று சொல்லும் உரிமையை எவருக்கு யார் அளித்தது?

அந்தத் தட்டைச் சுழலவிட்டுக் கேளுங்கள். இடக்கால் மிதியிலே இரு சிறு தகடுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. நான்கு எண்ணிக்கையிலே, இரண்டிலும் நான்கிலும் கணக்குத் தவறாமல்! வலக்கை பெருந்தகட்டிலே ஓட்டத்தை நடத்திச் செல்கிறது. இடக்கை குறுக்குக் கேள்வி கேட்கிறது. பிரவுன் ஒரு சுற்றை முடிக்கும் தறுவாயிலே, தொலைவிலே திரண்ட இடி அருகே வருவது போல ஓர் உருட்டல் எழுந்து, பெருகி, அடுத்த சுற்றின் வாயிலிலே அவரைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. தோலின்மேல் முழங்கையை அழுத்தி ஒலியை உயர்த்தும் உத்தியும் பிளேக்கிக்குரிய முத்திரை. எவன் களைக்கிறான், எவன் துடிக்கிறான், எங்கே தூக்கிவிட வேண்டும், எங்கே விட்டுக் கொடுக்க வேண்டும் என்று நொடிக்கு நொடி எடைபோடும் மூளையின் வேலை அது. கை வெறும் கருவி.

இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? சில்வர் இயற்றிய ‘குவிக்சில்வர்’ என்ற உருப்படியின் இரண்டு வாசிப்புகள் அந்த இரவின் பதிவுகளிலே உள்ளன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டிலும் மாறாமல் வருவது எது? பலரும் கூடி வாசிக்கும் பல்லவிப் பகுதி; அதன் வளைவுகள், நிறுத்தங்கள், கூட்டுத் தாக்குதல்கள். அது ஒத்திகையின் விளைவு. இரண்டிலும் வேறுபடுவது எது? ஒவ்வொருவரும் தனித்து வாசிக்கும் கற்பனைப் பகுதி. அது சிந்தனையின் விளைவு. இரத்தம் வாசித்திருந்தால் இரண்டும் ஒன்றுபோல அன்றோ இருக்க வேண்டும்? நேற்றுக் கூவியபடியே இன்றும் கூவுவது குயில். முன்பு சொன்னதைத் திருத்தி, மறுத்து, புதிதாகச் சொல்பவன் மனிதன்!

ஒத்திகைக்கும் ஊதியம் கொடுத்த நிறுவனம் என்று பெயர் பெற்றது புளூ நோட். அதனை 1939இல் தோற்றுவித்த ஆல்ஃபிரட் லயனும், அவரோடு கூடி உழைத்த பிரான்சிஸ் வுல்ஃபும் ஜெர்மனியிலிருந்து வந்த யூதர்கள். இரத்தத்தின் பேரால் மனிதரைத் தரம் பிரித்து, ஜாஸையும் இழிந்த கலை என்று ஒதுக்கிய நாட்சி ஆட்சி அங்கே நடந்தது. இரத்தத் தத்துவம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அந்த இருவருக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

அன்றிரவு வாசிக்கப்பட்ட மற்றோர் உருப்படி ‘மேரே’. இதுவும் சில்வர் இயற்றியதே. இதன் அடியிலே செல்லும் சுரக்கட்டுகளின் வரிசை, 1937இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்துப் பாட்டினுடையது. அந்தப் பாட்டின் பெயர் என்ன தெரியுமா? ‘ஆல் காட்ஸ் சில்லன் காட் ரிதம்’. கடவுளின் பிள்ளைகள் எல்லாருக்கும் தாளம் உண்டு என்று பொருள்! கறுப்பின மக்கள் ஏழைகளாக இருந்தாலென்ன, பிறவித் தாளம் இருக்கிறதே, ஆடிக்கொண்டே இருப்பார்கள் என்று வெள்ளித்திரை காட்டிய காட்சிக்கு வாய்த்த பாட்டு. ஜாஸ் இளைஞர்கள் அந்தப் பாட்டை என் செய்தனர்? மேலே இருந்த மெட்டைக் கழற்றி எறிந்தனர். அடித்தளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, தம் அறிவால் புதுமாளிகை எழுப்பினர். சுரக்கட்டு வரிசைக்கு உரிமைத்தொகை கிடையாது, மெட்டுக்கு உண்டு. ஆகவே புதுமெட்டு இயற்றியவனுக்கு உரிமையும் வந்தது. சில்வர் பின்னாளிலே தம் உருப்படிகளுக்குத் தாமே பதிப்பகம் வைத்துக்கொண்டார். அதன் பெயர் ‘எக்காரோ’. ஹொரேஸ் என்ற அவர் பெயரை ஆங்கிலத்திலே திருப்பி எழுதினால் வருவது! ‘தாளம் உனக்குப் பிறவிச் சொத்து’ என்றவர்களுக்கு, ‘மெட்டு என் உழைப்பின் சொத்து, கணக்கைக் காட்டு’ என்று கேட்ட கூட்டம் இது.

கிளிஃபர்ட் பிரவுனைப் பாருங்கள். டெலவேர் மாநிலத்து வில்மிங்டன் நகரிலே ஆசிரியரிடம் முறையாகப் பயின்றவர். கல்லூரியிலே கணிதத்தையும் இசையையும் நாடியவர். 1950இல் ஒரு கார் விபத்து; நெடுநாள் மருத்துவமனை வாசம். எழுந்து வந்து மீண்டும் பயின்றவர். இவர் படித்த ஹோவர்ட் உயர்நிலைப் பள்ளி கறுப்பின மாணவர்க்கென்று ஒதுக்கப்பட்டது. தம் ஊர்ப் பள்ளியிலே வெள்ளையரோடு அமர இடம் மறுக்கப்பட்ட பிள்ளைகள், பல மைல் கடந்து அந்தப் பள்ளிக்கு வரவேண்டியிருந்தது. அதை எதிர்த்து டெலவேரிலே தொடுத்த வழக்கு, பள்ளிப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஐந்து வழக்குகளில் ஒன்று. தீர்ப்பு வந்த நாள் 1954 மே 17. பேர்ட்லேண்ட் இரவு கழிந்து மூன்று மாதங்கூட ஆகவில்லை! கல்விக்கூடத்துக் கதவை அடைத்தவர்களே, கற்காமலே வந்த கலை என்று அவர்களைப் புகழ்ந்தது எவ்வளவு வசதி! 1956 ஜூனில் மற்றொரு கார் விபத்து, 25 வயதுகூடத் தாண்டாத பிரவுனைக் கொண்டுபோயிற்று. எஞ்சியது பதிவு.

இந்தப் பிறவிக் கதை எப்போது பிறந்தது? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுவோம். 1739இல் தென் கரோலினாவிலே, ஸ்டோனோ ஆற்றங்கரையிலே அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர், முரசறைந்து அணிவகுத்தனர். அடுத்த ஆண்டே சட்டம் வந்தது: அடிமைகள் முரசு வைத்திருக்கக் கூடாது! முரசிலே அறிவு இருக்கிறது, செய்தி இருக்கிறது, ஒன்றுகூட்டும் ஆற்றல் இருக்கிறது என்று 1740இலேயே ஆண்டைகளுக்குத் தெரிந்திருந்தது. அறிவு என்று தெரிந்ததால் தடைசெய்தார்கள். அஞ்சத் தேவையில்லை என்று தோன்றியதும், அது வெறும் இரத்தத் துடிப்பு என்று சிரித்தார்கள்.

நண்பராக வந்தவரும் இந்தக் குழியிலே விழுந்தார். பிரெஞ்சு விமர்சகர் ஹியூக் பனாசியே ஜாஸை நெஞ்சார நேசித்தவர். அதற்காக நூல்கள் எழுதியவர். ஆயினும், இசையிலே நாகரிக மனிதனைவிட ஆதிநிலை மனிதனுக்கே திறமை மிகுதி என்ற கருத்தை அவர் எழுதினார். விளைவு? கறுப்பின இளைஞர்கள் அறிவால் கட்டிய பீபாப் வந்ததும், இது ஜாஸே அல்ல என்று கதவைச் சாத்திவிட்டார். குழந்தை என்று கொஞ்சுகிறவன், குழந்தை வளர்ந்து வாதாடினால் சினங்கொள்கிறான்!

பிறவித் திறமை என்று போற்றப்பட்டவர்களின் பிழைப்பு எப்படி இருந்தது? நியூயார்க்கிலே மது விற்கும் கூடங்களில் வாசிக்க வேண்டுமானால் போலீஸ் தரும் அட்டை வேண்டும். 1967 வரை இந்தக் கெடுபிடி. தெலோனியஸ் மங்க் என்ற பியானோ மேதை 1951இல் அட்டையை இழந்தார், 1957இல்தான் மீண்டது. பிறவித் தாளம் உண்டு, பிழைக்க அட்டை இல்லை! 1959 ஆகஸ்டிலே, இதே பேர்ட்லேண்டின் வாயிலில், இடைவேளையில் வெளியே நின்றார் மைல்ஸ் டேவிஸ். நகர்ந்து போ என்றது போலீஸ். உள்ளே வாசிப்பவன் நான் என்று, தம் பெயர் தாங்கிய பலகையைக் காட்டினார். தலையிலே தடி இறங்கிற்று, சட்டையெல்லாம் குருதி. எந்த இரத்தத்திலே கலை ஊறியிருக்கிறது என்று வியந்தார்களோ, அந்த இரத்தம் நடைபாதையிலே வழிந்தது!

“இருக்கட்டும். உங்கள் பிளேக்கியே என்ன சொன்னார்? படைத்தவனிடமிருந்து கலைஞன் வழியாக நேரே மக்களிடம் வருவது இசை என்று சொன்னாரே” என்று சிலர் மடக்குவர். சொன்னார், மறைக்கவில்லை. 1940களின் இறுதியிலே இஸ்லாத்தைத் தழுவி, அப்துல்லா இப்னு புஹைனா என்று பெயர் பூண்டவர் அவர். தம்மை இழிவுபடுத்திய சமூகம் தந்த பெயரையும் மதத்தையும் உதறிய கறுப்பின இசைஞர் பலர். அந்தத் தன்மான உணர்வு நமக்குப் புரிகிறது; ‘படைத்தவன்’ என்ற முடிவுதான் நமக்கு ஏற்புடையதன்று. படைத்தவன் வழங்கியிருந்தால் ஒத்திகை எதற்கு? குழுவிலே ஆள் மாறும்போதெல்லாம் இசையும் மாறுவானேன்? அதே பிளேக்கிதான், ஜாஸை ஆப்பிரிக்காவோடு முடிச்சுப் போடாதீர்கள், அமெரிக்கா இல்லையேல் ஜாஸ் இல்லை என்றும் அடித்துச் சொன்னார். ஆப்பிரிக்காவுக்குச் சென்று வந்தவர் அவர்! அந்தக் கூற்றையும் நான் அப்படியே விழுங்கச் சொல்லவில்லை. ஆப்பிரிக்கப் பண்பாட்டின் தடம் ஜாஸிலே இல்லை என்று கூறுவது மிகை. ஆனால் அதன் உட்பொருள் யாது? இரத்தம் படைக்கவில்லை, வாழ்ந்த இடமும், பட்ட பாடும், கற்ற கல்வியும் படைத்தன என்பதன்றோ?

அவர் சொல்லைவிட அவர் செயலே பெருஞ்சான்று. பேர்ட்லேண்ட் தட்டிலே அவர் குரல் கேட்கிறது: இளையவர்களோடே இருப்பேன், இவர்களுக்கு வயதாகிவிட்டால் இன்னும் இளையவர்களைத் தேடிக்கொள்வேன், அது மூளையைச் சுறுசுறுப்பாக வைத்திருக்கும் என்ற கருத்துப்படப் பேசுகிறார். கவனியுங்கள்! ‘இரத்தம்’ என்று சொல்லவில்லை, மூளையைத்தான் சொன்னார்!

சொன்னபடி செய்தார். 1955 நவம்பர் 23இல் கஃபே பொஹீமியா கூடத்திலே பதிவான தட்டுகளில் ‘ஜாஸ் மெசஞ்சர்ஸ்’ என்ற பெயர். பிரவுன் இருந்த இடத்திலே கென்னி டோர்ஹம், சாக்சபோனிலே ஹாங்க் மோப்ளி. 1960 செப்டம்பர் 14, மீண்டும் பேர்ட்லேண்ட். 22 வயது லீ மோர்கனும், நியூயார்க் பல்கலைக்கழகத்திலே இசைக்கல்விப் பட்டம் பெற்ற வெய்ன் ஷார்ட்டரும் நிற்கின்றனர். 1963 ஜூனில் அதே மேடையிலே ‘உகெட்சு’ என்ற தட்டு பதிவாகிறது. இப்போது ஃபிரெடி ஹப்பர்ட், கர்ட்டிஸ் ஃபுல்லர், சீடர் வால்ட்டன். நான்கு பதிவுகளையும் வரிசையாகக் கேட்பவன், ஒரு பள்ளியின் நான்கு வகுப்புகளைக் கேட்கிறான். மாணவர்கள் மாறுகின்றனர், இசையின் கட்டுமானம் விரிகிறது, பின்னே அமர்ந்த ஆசிரியர் மட்டும் மாறவில்லை. 1980இலே இருபது வயது நிறையாத விண்ட்டன் மார்சாலிஸ் வந்து சேர்ந்தார். 1990இல் பிளேக்கி மறையும் வரை அந்தப் பள்ளி மூடப்படவில்லை. வந்தவனை நிலைநிறுத்திக்கொள்ளவும் இல்லை. தலைவனாக்கி வெளியே அனுப்பினார்.

வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கும் பதிவு ஒன்றும் உண்டு. 1978 மே, சான் பிரான்சிஸ்கோவின் கீஸ்டோன் கோர்னர் கூடம். மெசஞ்சர்களின் டிரம்பெட் யார் கையிலே? வலேரி பொனொமரேவ். மாஸ்கோவிலே பிறந்த வெள்ளையர்! சோவியத் நாட்டிலே இருந்தபடி, கிளிஃபர்ட் பிரவுனின் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு அந்த இசையைக் கற்றவர். பிறகு கடல் கடந்து வந்து, பிரவுன் நின்ற இடத்திலே பிளேக்கியின் முன் நின்றார். 1969 முதல் 1972 வரை பியானோவிலே ஜோஆன் பிராக்கீன் என்ற பெண்மணி அமர்ந்திருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே உமது இரத்தத் தத்துவம்? பென்சில்வேனியச் சாலையிலே 1956இல் மாண்ட இளைஞனின் இரத்தமா மாஸ்கோவுக்குப் போயிற்று? போனது பதிவு! கேட்டது செவி! கற்றது மூளை!

நான் பள்ளி ஆசிரியன். ஆசிரியர் அறையிலே இந்த இரத்தத் தத்துவத்தை நாள்தோறும் கேட்பவன். “அவனுக்கெல்லாம் படிப்பு ஏறாது; அது பிறப்பிலேயே வரவேண்டும்” என்பார் ஒருவர். “இவனுக்கு வாய்ப்பாடு நாக்கிலேயே இருக்கிறது, வம்சம் அப்படி” என்பார் மற்றவர். முதற்சொல் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் திருடுகிறது. இரண்டாம் சொல் மற்றொரு பிள்ளையின் உழைப்பைத் திருடுகிறது. திருட்டு ஒன்றே, சட்டைப்பைதான் இரண்டு. பிறப்பைக் காட்டித் தொழிலைப் பங்கிடும் பேச்சு நம் செவிக்குப் புதிதன்று. ஆகவேதான் சொல்லுகிறேன்: இகழ்ச்சியாக வரும்போது மட்டும் அதை எதிர்த்தால் போதாது, புகழ்ச்சியாக வரும்போதும் எதிர்த்தாக வேண்டும். “அவர்களுக்குத் தாளம் பிறவியிலே” என்பதை இன்று ஒப்புக்கொள்பவன், “இவர்களுக்கு அறிவு பிறவியிலே” என்பதை நாளை மறுக்க முடியாது!

தோழர்களே! அந்த 1954ஆம் ஆண்டுத் தட்டு கிடைத்தால் நான்கு பேர் கூடிக் கேளுங்கள். பிரவுனின் டிரம்பெட்டைக் கேட்ட பின், ஊசியை மீண்டும் தொடக்கத்திலே வைத்து, டிரம்மை மட்டும் கேளுங்கள். ஒவ்வோர் அடியிலும் ஒரு முடிவு இருக்கிறது. ஒவ்வொரு முடிவுக்கும் பின்னே ஒரு கல்வி இருக்கிறது. பக்கத்திலே எவராவது பெருமூச்சு விட்டு, “என்ன இருந்தாலும் இரத்தத்தில் ஊறியதல்லவா” என்றால், தட்டை நிறுத்திவிட்டு அவரைக் கேளுங்கள்:

“உம்முடைய அறியாமை மட்டும் எங்கே ஊறிற்று ஐயா?”